‘ப்ரொஃபைலிங் முடியக் காத்திருக்கிறேன்’: ஆர் மென்பொருள் தரும் இரண்டு இடைவெளிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளில் ஒரு லாஜிஸ்டிக் மாதிரியை (பிழைத்ததா, செத்ததா போன்ற இரண்டில் ஒரு விடைக்கான மாதிரி) ஓட்டிவிட்டு, நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று கேட்டு ‘கான்ஃபின்ட்’ என்று தட்டினால் திரையில் முதலில் ஒரு வரி வரும்: ‘வெயிட்டிங் ஃபார் ப்ரொஃபைலிங் டு பி டன்’. ப்ரொஃபைலிங் முடியக் காத்திருக்கிறேன் என்கிறது மென்பொருள். பிறகு இரண்டு எல்லைகள் வரும். சரி, ‘சம்மரி’ அட்டவணையில் உள்ள திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) 1.96 ஆல் பெருக்கி, மதிப்பீட்டோடு கூட்டிக் கழித்துப் பார்ப்போம் என்று பார்த்தால் அதே எல்லைகள் வருவதில்லை. சில நேரம் வித்தியாசம் கொஞ்சம். சில நேரம் ஆய்வின் முடிவையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரிது.

டெல்டாவில் நெல் ஆய்வு செய்யும் மாணவர்களை இந்த இடம் அடிக்கடி குழப்புகிறது. பத்துப் பன்னிரண்டு தொட்டிகள், நான்கைந்து பாத்திகள், வருஷத்துக்கு ஒரே ஒரு சம்பா. இவ்வளவு குறைந்த தரவில்தான் இரண்டு இடைவெளிகளும் மிக அதிகமாக விலகும். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டுமே ஒரே கேள்விக்கான தோராய விடைகள். ஆனால் ஒன்று மேலோட்டமானது, மற்றது உட்கார்ந்து கணக்குப் போட்டது. அந்தக் கணக்குக்குத்தான் மென்பொருள் நேரம் கேட்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிரலாளர்கள் ‘ப்ரொஃபைலிங்’ என்றால் நிரலின் எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளப்பதைச் சொல்வார்கள். ஆரில் அதற்கு ‘ஆர்ப்ரொஃப்’ என்ற கருவி இருக்கிறது. நாம் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. இங்கே ப்ரொஃபைல் என்றால் பக்கவாட்டுத் தோற்றம், வெளிக்கோடு.

லைக்லிஹுட்: தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. பத்துத் தொட்டிகளில் ஒவ்வொரு நாற்று. பத்து நாள் முழுக்கத் தண்ணீருக்குள் வைத்து எடுத்தால் ஒன்பது பிழைக்கிறது, ஒன்று அழுகிவிடுகிறது. உண்மையான பிழைப்பு விகிதம் என்ன?

விகிதம் 0.9 என்று வைத்துக்கொண்டால், ஒன்பது பிழைத்து ஒன்று சாவதற்கான வாய்ப்பு 0.9-இன் ஒன்பதாம் அடுக்கை 0.1 ஆல் பெருக்கியது: 0.0387. விகிதம் 0.7 என்றால் 0.0121. விகிதம் 0.5 என்றால் 0.00098. (தொட்டிகள் எந்த வரிசையில் என்பதற்கான பெருக்கெண் எல்லாவற்றுக்கும் பொதுவானது, விட்டுவிடலாம்.) ஆக, நாம் கண்ட தரவோடு 0.9 என்ற ஊகம் 0.7-ஐவிட மூன்று மடங்குக்கு மேலும், 0.5-ஐவிட நாற்பது மடங்கு அளவுக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. இந்த எண்தான் லைக்லிஹுட். தரவு கையில் இருக்கிறது, அது மாறாது. பண்பளவையின் (நாம் கண்டுபிடிக்க முயலும் எண், இங்கே பிழைப்பு விகிதம்) மதிப்பை மட்டும் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொன்றும் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கிறோம்.

ரொனால்ட் ஃபிஷர் இந்தக் கருத்தை 1922-இல் வெளியான தன் கட்டுரையில் முறையாக எழுதியபோது, அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதும் அதே 1922-இல்தான். வயல்வெளிச் சோதனைகளின் நடுவே வளர்ந்த கருத்து இது. நம் பாத்திகளுக்கு அந்நியமானதல்ல.

லைக்லிஹுட் எண்கள் மிகச் சிறியவை என்பதால் அவற்றின் மடக்கையை எடுத்துக்கொள்வார்கள். 0.9-இல் மடக்கை உச்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிறோம். எவ்வளவு இறங்கும்வரை ‘இந்த மதிப்பும் சாத்தியம்தான்’ என்று சொல்லலாம்? 1938-இல் சாமுவேல் வில்க்ஸ் காட்டிய தேற்றம் இதற்கு விடை தருகிறது. தரவு போதிய அளவு இருந்தால், இறக்கத்தின் இரு மடங்கு கை-வர்க்கப் பரவலைத் தழுவும். ஒரு பண்பளவைக்கு 95 சதவீத எல்லை 3.84, அதில் பாதி 1.92. உச்சியிலிருந்து 1.92 இறங்கும் இடங்களே இடைவெளியின் இரண்டு முனைகள்.

நம் தொட்டிக் கணக்கில் அந்த முனைகள் 62.8 சதவீதம், 99.4 சதவீதம். நடுவில் 90. கீழ்ப்பக்கம் 27 புள்ளி, மேல்பக்கம் 9 புள்ளி. சமச்சீராக இல்லை, இருக்கவும் கூடாது. நூறைத் தாண்ட வழியில்லையே.

வால்ட் இடைவெளி: உச்சியின் வளைவை மட்டும் பார்ப்பது

‘சம்மரி’ தரும் திட்டப்பிழை வேறு வழியில் வருகிறது. உச்சியில் அந்த வளைகோடு எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்று மட்டும் பார்த்து, மீதி முழுவதும் ஒரு சமச்சீரான பரவளையம் என்று வைத்துக்கொள்வது. இது ஆபிரகாம் வால்டின் பெயரால் அறியப்படுகிறது. (புள்ளியியலின் பெரிய மேதைகளில் ஒருவரான வால்ட், இந்தியாவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.)

அதே பத்துத் தொட்டிக்கு வால்ட் முறையில் திட்டப்பிழை 0.095. இடைவெளி 71.4 முதல் 108.6 சதவீதம். நூற்றுக்கு 108 நாற்று பிழைப்பது எந்த வயலிலும் நடக்காது.

‘லாஜிட் அளவுகோலில் (பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள விகிதத்தின் மடக்கையில்) கணக்குப் போட்டால் நூறைத் தாண்டாதே’ என்று கேட்கலாம். தாண்டாது. ஆனால் அப்போது வால்ட் இடைவெளி 53.3 முதல் 98.6 ஆகிவிடுகிறது. அளவுகோலை மாற்றியதும் கீழ் எல்லை 71-இலிருந்து 53-க்கு வந்துவிட்டது. தரவில் ஒரு நாற்றுகூட மாறவில்லை. லைக்லிஹுட் இடைவெளியோ எந்த அளவுகோலில் போட்டாலும் அதே 62.8, 99.4. என்னைக் கேட்டால், லைக்லிஹுட் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு பண்பளவை குறுக்கே வந்தால்

இதுவரை ஒரே ஒரு பண்பளவை; ப்ரொஃபைலுக்கு வேலையே இல்லை. பெரும்பாலான மாதிரிகளில் நமக்கு வேண்டியது ஒன்று, கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை பல.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் கொட்டியிருக்கும் ஒரு குவியலை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் தளர்வு கேட்பதும், மத்தியக் குழு வந்து பார்ப்பதும் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். குவியலின் ஐந்து இடங்களில் எடுத்த நெல்லில் மீட்டர் காட்டும் எண்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 16.2, 17.8, 17.1, 18.4, 17.5. சராசரி 17.4. குவியலின் உண்மையான சராசரி 17 ஆக இருக்க முடியுமா?

நமக்கு வேண்டியது சராசரி. ஆனால் குவியலுக்குள் ஈரம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதும், அதாவது பரவற்படியும், தெரியாது. அது நம் கேள்வி இல்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. இரண்டு வழிகள் உண்டு.

1. பரவற்படியின் சிறந்த மதிப்பை ஒருமுறை கண்டுபிடித்து, அதை அப்படியே ஆணியடித்து நிறுத்திவிட்டுச் சராசரியை மட்டும் நகர்த்துவது. ஐந்து எண்களுக்கும் 17.4-இலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கச் சராசரி 0.54. சராசரி எங்கே போனாலும் இந்த 0.54 மாறாது. இது குறுக்கு வெட்டு.

2. சராசரியை ஒவ்வொரு இடத்தில் நிறுத்தும்போதும், ‘இதுதான் சராசரி என்றால் பரவற்படி எதுவாக இருந்தால் தரவோடு மிக நன்றாகப் பொருந்தும்?’ என்று புதிதாகக் கேட்பது. சராசரி 17 என்றால் விலகல்களின் வர்க்கங்கள் 0.64, 0.64, 0.01, 1.96, 0.25, சராசரி 0.70. சராசரி 18 என்றால் பரவற்படி 0.90 ஆகிறது. நாம் நகர்த்த நகர்த்த அதுவும் கூடவே நகர்ந்து இடம்கொடுக்கிறது. இதுதான் ப்ரொஃபைல் லைக்லிஹுட்.

விளைவைப் பாருங்கள். சராசரி 18.1 என்ற ஊகத்தில் குறுக்கு வெட்டுப்படி மடக்கை 2.27 இறங்கிவிடுகிறது, 1.92-ஐத் தாண்டியதால் தள்ளுபடி. ப்ரொஃபைல்படி இறக்கம் 1.61 மட்டுமே, 18.1 இன்னும் சாத்தியம்தான். முழு இடைவெளிகள்: குறுக்கு வெட்டில் 16.76 முதல் 18.04 வரை, ப்ரொஃபைலில் 16.61 முதல் 18.19 வரை. 17 இரண்டிலும் உள்ளேதான் வருகிறது. ஆனால் முதல் வழி, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பாவித்து இடைவெளியைச் சுருக்கிவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தே ஐந்து அளவீடுகளுக்கு வில்க்ஸ் தேற்றமும் முழுதாகப் பிடிக்காது. இப்படிப்பட்ட எளிய கணக்குக்கு மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த டி-பரவல் துல்லியமான விடை தரும்: 16.38 முதல் 18.42 வரை. ப்ரொஃபைல் அதை நோக்கிப் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனால் டி-பரவல் போன்ற துல்லியமான சூத்திரம் கிடைப்பது சில எளிய மாதிரிகளுக்குத்தான். மற்றவற்றுக்கு ப்ரொஃபைல் எப்போதும் கைவசம் இருக்கிறது.

வைக்கோல் போர்

மனதில் படம் வேண்டுமென்றால் களத்தோரம் போட்ட நீளமான வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளலாம். தரையில் கிழக்கு மேற்கு ஒரு பண்பளவை, வடக்கு தெற்கு இன்னொன்று, உயரம் லைக்லிஹுட்டின் மடக்கை. உச்சி வழியாகக் கிழக்கு மேற்காக நேரே வெட்டினால் கிடைக்கும் முகம் குறுக்கு வெட்டு. அதே போரை, தெற்கே சற்றுத் தள்ளியிருக்கும் வரப்பில் நின்று அந்தி வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பாக ஒரு வெளிக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும், அந்த இடத்தில் முன்னும் பின்னும் எங்கே உயரம் அதிகமோ அதைக் காட்டுகிறது. அதுதான் ப்ரொஃபைல்.

போர் நேராகக் கிழக்கு மேற்காகக் கிடந்தால் வெட்டும் வெளிக்கோடும் ஒன்றுதான். மூலைவாட்டில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடந்தால், வெட்டு ஒடுங்கியும் வெளிக்கோடு அகன்றும் இருக்கும். இரண்டு பண்பளவைகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் போர் மூலைவாட்டில்தான் கிடக்கும். தண்ணீர் நின்ற நாட்களையும் பெய்த மழையின் அளவையும் ஒரே மாதிரியில் போட்டால், கடைமடை வயல்களில் இரண்டும் சேர்ந்தேதானே ஏறும்! ஒன்றின் விளைவை மற்றது பங்குபோட்டுக்கொள்ளும்.

ஒரு திருத்தம்: வால்ட் முறை வெறும் குறுக்கு வெட்டு அல்ல. போர் மூலைவாட்டில் கிடப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளாதது, போரின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறு பக்கம் நீளச் சரிவாகவும் இருப்பதை.

காத்திருக்கும் நேரத்தில் மென்பொருள் என்ன செய்கிறது?

ஆரில் ‘ஜிஎல்எம்’ மாதிரிக்கு (லாஜிஸ்டிக் மாதிரியும் இந்த வகைதான்) நடப்பது இது:

1. சிறந்த மதிப்பீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பண்பளவையை மட்டும் திட்டப்பிழையின் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்துகிறது.
2. அந்தப் பண்பளவைக்குரிய பத்தியை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, நிலையான கூட்டலாகச் சேர்த்து, மீதி எல்லாப் பண்பளவைகளையும் புதிதாகப் பொருத்துகிறது. முந்தைய படியின் விடையிலிருந்தே தொடங்குவதால் சீக்கிரம் முடிகிறது.
3. உச்சியிலிருந்து இறக்கத்தைக் கணக்கிட்டு, அதன் இரு மடங்குக்கு வர்க்கமூலம் எடுத்து, இடப்பக்கம் என்றால் கழித்தல் குறி போடுகிறது. வால்ட் தோராயம் சரியாக இருந்தால் இந்த எண்கள் ஒரு நேர்கோட்டில் விழும். கோடு வளைந்தால் தோராயம் பிசகுகிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டிய படம் இதுதான். பலர் பார்ப்பதே இல்லை.
4. தேவையான எல்லையைத் தாண்டும்வரை இரு பக்கமும் நடந்து, கிடைத்த புள்ளிகளை வழுவழுப்பான வளைகோட்டால் இணைத்து, அது 1.96-ஐயும் (3.84-இன் வர்க்கமூலம்) கழித்தல் 1.96-ஐயும் தொடும் இடங்களைக் குறித்துத் தருகிறது.

ஒவ்வொரு பண்பளவைக்கும் இதே வேலை. பத்துப் பண்பளவை இருந்தால் மாதிரி நூறு முறைக்கு மேல் மறுபடி பொருத்தப்படலாம். வட்டாரம், கிராமம், பாத்தி என்று அடுக்கடுக்காகப் போகும் கலப்பு மாதிரிகளுக்கு ‘எல்எம்இ4’ தொகுப்பும் இயல்பாகவே இந்த முறையைத்தான் எடுக்கிறது. அங்கே மணிக்கணக்கில்கூட ஆகலாம். பொறுமை இழந்து நிறுத்திவிட்டு வால்ட் இடைவெளியை எடுத்துக்கொள்ளத் தோன்றும். நான்கு கிராமங்களை வைத்துக் கிராமத்துக்குக் கிராமம் மாறும் அளவை மதிப்பிடும்போது அப்படிச் செய்யவே கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத ஓர் அளவுக்கு, அதுவும் நான்கே நான்கு கிராமங்களிலிருந்து, சமச்சீரான இடைவெளிக்குப் பொருளே இல்லை.

வேறு மென்பொருள்களில் நாமாகக் கேட்க வேண்டியிருக்கும். எஸ்ஏஎஸ்-இன் லாஜிஸ்டிக் செயல்முறை ‘பிஎல்’ என்று சொல்லாவிட்டால் வால்ட் இடைவெளியைத்தான் தரும். பைத்தானின் ‘ஸ்டாட்ஸ்மாடல்ஸ்’ வழக்கமாகத் தருவதும் வால்ட்தான்.

எல்லாமே பிழைத்துவிட்டால்

வித்தியாசம் உச்சத்துக்குப் போகும் இடம் இது, டெல்டாவுக்கு நெருக்கமான இடமும்கூட. வடகிழக்குப் பருவமழையில் சம்பா இளம்பயிர் மூழ்குவது இங்கே பழகிப்போன துயரம். மூழ்கினாலும் தாங்கும் மரபணுவை ஏற்றிய சிஆர் 1009 சப் 1 போன்ற ரகங்கள் வந்தது அதனால்தான். அப்படி ஒரு ரகத்தைச் சாதாரண ரகத்தோடு ஒப்பிடும் சோதனை ஒன்றை நாமே வகுத்துக்கொள்வோம்: ரகத்துக்குப் பன்னிரண்டு தொட்டிகள். சாதாரண ரகத்தில் நான்கு பிழைக்கிறது. தாங்கும் ரகத்தில் பன்னிரண்டும் பிழைக்கிறது.

கண்ணால் பார்த்தாலே தெரியும் வித்தியாசம். ஆனால் ‘ஜிஎல்எம்’ ஓட்டினால், ரகத்துக்கான கெழு (ரகத்தின் விளைவைக் காட்டும் எண்) 20-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண்ணாகவும், திட்டப்பிழை அதைப்போல் நூறு மடங்குக்கும் மேலாகவும், பி மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி வருவதற்கான வாய்ப்பு) ஒன்றை ஒட்டியும் வரும். ‘ரகத்துக்கும் பிழைப்புக்கும் தொடர்பில்லை’ என்று அட்டவணை சொல்வதுபோல் இருக்கும்.

காரணம் எளிது. பன்னிரண்டும் பிழைத்தால் லாஜிட் அளவுகோலில் சிறந்த மதிப்பு முடிவிலி. லைக்லிஹுட் ஏறிக்கொண்டே போய்க் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. தட்டையான இடத்தில் வளைவு பூஜ்யம். வளைவு பூஜ்யம் என்றால் திட்டப்பிழை பிரம்மாண்டம். விளைவு பெரிதாகப் பெரிதாக வால்ட் சோதனை வலுவிழக்கும் இந்த விசித்திரத்தை ஹாக், டானர் இருவரும் 1977-இல் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது.

லைக்லிஹுட்டையே நேராகக் கேளுங்கள். இரண்டு ரகத்துக்கும் தனித்தனி விகிதம் வைத்தால் மடக்கை கழித்தல் 7.64. இரண்டுக்கும் ஒரே விகிதம், அதாவது 24-இல் 16 என்று வைத்தால் கழித்தல் 15.28. வித்தியாசத்தின் இரு மடங்கு 15.28, எல்லை 3.84. ரகத்துக்குப் பலன் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ப்ரொஃபைல் இடைவெளிக்கு ஒரு திட்டவட்டமான கீழ் எல்லை கிடைக்கும். மேல் எல்லை கிடைக்காது, ஆர் அங்கே ‘என்ஏ’ (மதிப்பு இல்லை) என்று போடும். தாங்கும் ரகத்தின் பிழைப்பு விகிதத்தை மட்டும் தனியாகக் கேட்டால், 95 சதவீதக் கீழ் எல்லை 85.2 சதவீதம். பன்னிரண்டு தொட்டிகளிலிருந்து சொல்லக்கூடியது அவ்வளவுதான். அது ஒன்றும் குறைவானதல்ல. ஒரு நல்ல ரகம் திட்டப்பிழைப் பத்தியில் சிக்கி ‘பலனில்லை’ என்று ஆய்வேட்டில் பதிவாவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது.

முணுமுணுக்கும் எச்சரிக்கைகள்

‘ப்ரொஃபைலிங் இதைவிட நல்ல விடையைக் கண்டுபிடித்துவிட்டது, ஆகவே முதல் பொருத்தம் முடிவடையவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து கணக்கு நின்றுவிட்டால் கோபப்பட வேண்டாம். உச்சி என்று நாம் நினைத்த இடம் உச்சியே இல்லை என்று நடந்து பார்த்துச் சொல்கிறது. தொடக்க மதிப்புகளை மாற்றி மாதிரியை முதலிலிருந்து பொருத்த வேண்டும். வெளிக்கோடு ஒரே சீராக இறங்காமல் ஏறி இறங்குகிறது என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் இதே கதைதான்.

மேல் எல்லை இல்லாத இடைவெளி

தழைச்சத்துச் சோதனைகளில் இது வரும். எக்டருக்கு 0, 30, 60, 90 கிலோ என்று நான்கு அளவுகள் போட்டு, விளைச்சல் முதலில் வேகமாக ஏறிப் பிறகு மட்டமாகும் வளைகோட்டை, ஆரில் வளைகோடு பொருத்தும் ‘என்எல்எஸ்’ கட்டளை மூலம் பொருத்துகிறோம். வளைகோட்டின் உச்ச விளைச்சல் ஒரு பண்பளவை, ஏறும் வேகம் இன்னொன்று. 90 கிலோவிலும் விளைச்சல் ஏறிக்கொண்டே இருந்தால், மட்டமாகும் இடத்தைத் தரவு பார்க்கவே இல்லை. உச்சம் அதிகம், வேகம் குறைவு என்று வைத்தாலும் நான்கு புள்ளிகளோடும் பொருந்தும். உச்சம் இன்னும் அதிகம், வேகம் இன்னும் குறைவு என்றாலும் பொருந்தும். ப்ரொஃபைல் கீழ்ப்பக்கம் செங்குத்தாக இறங்கும், மேல்பக்கம் 1.92 இறங்காமலேயே நீண்டுகொண்டு போகும்.

வால்ட் இங்கேயும் அடக்கமாக ஒரு கூட்டல் கழித்தல் எண்ணைத் தரும். அட்டவணையில் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக அதைப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை நம்பி உர அளவைப் பரிந்துரைத்தால், செலவு விவசாயியின் தலையில்தான் விழும். மேல் எல்லைப் பத்தியில் ‘இத்தரவில் தீர்மானிக்க முடியவில்லை’ என்றே எழுதலாம். பக்கத்தில் ப்ரொஃபைல் படத்தையும் வைத்துவிட்டால் தேர்வாளருக்கும் காரணம் புரியும். அப்புறம், அடுத்த சம்பாவுக்குச் சோதனை வகுக்கும்போது 120, 150 கிலோ பாத்திகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.